கப்பலில் எத்தனை பேர்

நவம்பரில் சாரேமா தீவில்
நான்கு மணிக்குள் இருட்டிவிடும்.
மேலங்கியில் மின்னும் வில்லை தொங்கவிடாமல்
சாலையில் நடந்தால் அபராதம்.
இரண்டு மாதமாக நான் நடக்கவே இல்லை,
அபராதமும் இல்லை.

செவிலி த்ரீன் பூட்ஸை வாசலில் கழற்றினாள்,
காலுறையின் ஓட்டையை மற்றக் காலால் மறைத்தாள்.
பையிலிருந்து ஒரு தாள்.
பதினைந்து கேள்விகள். ஆம், அல்லது இல்லை.

பொழுது போக மறுக்கிறதா?
இல்லை.
பிடித்ததையெல்லாம் விட்டுவிட்டீர்களா?
இல்லை.
ராத்திரியில் எதையாவது நினைத்துப் பயமா?
இல்லை.
எல்லா இல்லையும் ஒரே கனம்,
இயந்திரத்தில் அறுத்த ரொட்டி மாதிரி.

அந்தக் குரல் என் சம்பாத்தியம்.
கரையோர வானொலி நிலையத்தில் முப்பத்தொரு வருடம்,
பாதிக்கு மேல் இரவுப் பணி.
படகு சாயும்போது அந்தப் பக்கம் ஆண்கள் அழுவார்கள்.
ஒருவன் அம்மாவைக் கூப்பிட்டான்.
ஒருவன், கார்த் தவணையை இனி யார் கட்டுவது
என்று என்னிடம் கேட்டான்.
நான் கேட்பேன்:
இருப்பிடம்?
கப்பலில் எத்தனை பேர்?
என்ன ஆபத்து?
உன் குரல் நடுங்கினால் அவர்கள் கை நடுங்கும்,
பயிற்சியில் சொன்னது அவ்வளவுதான்.
தொண்டைக்குக் கீழே இருப்பது அடித்தளம்.
கதவைச் சாத்து.

சாத்தினேன்.
யூலோ இறந்த மறுநாள்
சவப்பெட்டிக்காரனுக்குப் போனில் அளவு சொன்னேன்,
மூன்று எண்ணையும் திருப்பிச் சொல்லவைத்துச் சரிபார்த்தேன்.
ஹெல்வேக்கு என்ன நெஞ்சுரம் என்றார்கள் தேவாலயத்தில்.

அந்தக் கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி கிடையாது.
துக்கத்தை வைத்துப் பூட்டிய அதே அறையில்
வேறு என்னென்னவோ இருந்திருக்கிறது:
நீராவிக் குளியலறையில்
சுட்ட கல்மேல் தண்ணீர் விழும் சீற்றம்,
கம்பு ரொட்டியில் உருகாத வெண்ணெய்,
பக்கத்து வீட்டு மாயே மேல் இருந்த எரிச்சல்கூட.
நான் அழவில்லை,
அதனால் நலம் என்று எழுதிக்கொண்டார்கள்.
வயசானால் இப்படித்தான் மந்தமாகும் என்றார் பழைய டாக்டர்,
கணினியைப் பார்த்தபடி.

ஒன்பதாம் கேள்வியில் த்ரீன் பேனாவை மூடினாள்.
சமையலறையைப் பார்த்தாள்.
உருளைக்கிழங்கு முளைவிட்டுப் பையைத் துளைத்திருந்தது.
நாட்காட்டி செப்டம்பரில் நின்றிருந்தது.
அவள் அப்பா மத்தி மீன் பிடித்தவராம்,
அந்த வீட்டில் ரேடியோ எப்போதும் ஓடுமாம்.
சொல்லிவிட்டு, குரலை மட்டமாக்கிக்கொண்டு கேட்டாள்:
"இருப்பிடம்?"

சிரிப்பு வரவேண்டிய இடம்.
பழக்கத்தில் வாய் பதில் சொன்னது:
"சமையலறை. மேசைக்கு வடகிழக்கு மூலை."
"கப்பலில் எத்தனை பேர்?"
"ஒருவர்."
"என்ன ஆபத்து?"

குளிர்பெட்டி உறுமி நின்றது.
"தண்ணீர் ஏறுகிறது" என்றேன்,
"மெதுவாக.
எப்போதிலிருந்து என்று தெரியவில்லை."
கடைசிச் சொல்லில் குரல் கரகரத்துவிட்டது.

"கேட்கிறது. அலைவரிசையில் இருங்கள்."

எத்தனையோ பேரிடம் சொன்ன வாக்கியம்.
யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அப்புறம் மாத்திரை.
வியாழன்தோறும் கூரெசாரேயில் ஓர் அறை,
ஆறு நாற்காலிகள், கேவலமான காபி.
குணமாகிவிட்டது என்று சொல்லமாட்டேன்.
காலுறை போடுவதே ஒரு நாள் வேலையாகும் காலைகள் உண்டு.

போன வாரம் பேருந்துக்காரன்
நான் கையைக் காட்டியும் நிற்காமல் போனான்.
வில்லை மின்ன, இருட்டில் நின்றபடி
அவனைத் திட்டினேன்.
அவனை, அவன் சக்கரத்தை,
அவனுக்கு உரிமம் கொடுத்தவனின் கண்ணாடியை.
குரல் ஏறியது, பிசிறியது, நடுவில் உடைந்தது.
எதிர்வீட்டு நாய் எழுந்து குரைத்தது.
அடுத்த பேருந்துக்கு நாற்பது நிமிடம்.
கையுறையைக் கழற்றி
கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன்.
சூடு.