ஜூலையில் கழற்றியது

மைனஸ் முப்பத்து நான்கு.
சாவியைத் திருப்பினால்
இஞ்சின் முனகுகிறது, புரண்டு படுக்கிறது,
மறுபடி முனகுகிறது.
அடியில் எண்ணெய் இந்நேரம்
உருட்டுப் பதம் தாண்டிய வெல்லப்பாகு.
ஐந்து எண்ணி நிறுத்துகிறேன்.
பாட்டரியிடம் கெஞ்சக் கூடாது,
மூச்சு வாங்க விட வேண்டும்.

மூன்றாம் முறை
ஒரு சிலிண்டர் இருமியது. பிறகு இன்னொன்று.
பிறகு நான்கும்
ஒன்றையொன்று கோபித்துக்கொண்டே ஓடத் தொடங்கின.
சோக்கைப் பாதி உள்ளே தள்ளினேன்.

இவாலோவில் அதிகாலை மூன்று மணி.
பின் இருக்கையில் நூற்றுப் பன்னிரண்டு செய்தித்தாள்கள்.
எண்பத்தாறாம் வருடத்துக் கொரோலா.
நான், ஹில்க்கா,
இரண்டு ஜோடிக் கையுறைக்குள்.

முதல் குற்றவாளி சுலபத்தில் அகப்பட்டான்:
இஞ்சின் சூடேற்றியைச் செருகும் கம்பத்துக் கடிகாரம்.
அக்டோபரில் ஊரெல்லாம் முள்ளைப் பின்னுக்குத் தள்ளியபோது
இதை யாரும் தொடவில்லை.
இன்னும் கோடைக்கால மணியிலேயே குடியிருக்கிறது.
மூன்று வரை சூடு போட வேண்டியது
இரண்டுக்கே கடையைக் கட்டிவிடுகிறது.
விரல்நுனியால் ஒரு மணி நேரத்தைத் திருப்பினேன்.
மறுநாள் முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது.

ஹீட்டர் வேறு கதை.

விசிறி சுற்றுகிறது, சத்தத்தில் குறைவில்லை.
வருவதென்னவோ வெளியில் வீசும் அதே காற்று,
கொஞ்சம் தூசி வாசனை சேர்த்து.
என் மூச்சு எனக்கெதிரே கண்ணாடியில் படிந்து
வெள்ளையாய் இறுகுகிறது.
நூலக அட்டையால் சுரண்டி
உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சாலை செய்துகொள்கிறேன்.
பெட்டிக்குப் பெட்டி ஜன்னலை வேறு இறக்க வேண்டும்.
சேர்த்த வெப்பம் என்று எதுவும் இல்லாததால்
இழக்கவும் எதுவும் இல்லை.

ரேடியேட்டர் முன்னால் வாழைப்பழ அட்டைப்பெட்டியைக் கிழித்துச் செருகினேன்.
முள் ஒரு நூல் ஏறியது,
வளைவு தாண்டியதும் இறங்கிவிட்டது.

பனி வாரும் வண்டிகளின் பட்டறையில் வேலை செய்யும் உல்ப்பு
சனிக்கிழமை வந்தாள்.
கூலண்ட் விளிம்பு வரை பச்சையாக நின்றது.
ஹீட்டருக்குப் போகும் குழாய், திரும்பும் குழாய்
இரண்டிலும் ஒரே வெதுவெதுப்பு. அடைப்பில்லை.
ஆறிய இஞ்சினைக் கிளப்பச் சொல்லி
ரேடியேட்டரின் மேல்குழாயில் வெறுங்கையை வைத்தாள்.
நெடுநேரம் எடுக்கவில்லை,
நாடி பார்ப்பவள் போல.

“இது குளிர்ந்தே கிடந்து, பிறகு சட்டென்று சுட வேண்டும்.
உன்னுடையது முதல் நிமிடத்திலிருந்தே இளகுகிறது.
கதவு திறந்தே கிடக்கிறது, ஹில்க்கா.”

இரண்டு போல்ட். ஒன்று அழுதுகொண்டு வந்தது.
மூடியைத் தூக்கினால்
தெர்மோஸ்டாட் பழுதாகவில்லை, சிக்கவில்லை.
தெர்மோஸ்டாட்டே இல்லை.
வட்டமான, சுத்தமான
ஒன்றுமில்லை.

ஊலுவுக்குப் போன் போட்டேன்.
ஆர்வோ எடுத்தான்; பிரிந்து இரண்டு வருடம்,
குரலில் இன்னும் அதே தூக்கம்.
“ஜூலையில், கெமியார்வி சாலையில் கொதித்ததே,
நீகூடக் கத்தினாயே…
அது மூடிக்கொண்டு திறக்கவில்லை. கழற்றி எறிந்தேன்.
சரியாகிவிட்டது என்று சொன்னேனே.”

சொன்னான்.
சரியாகத்தான் இருந்தது.
கோடையில் எல்லாமே சரியாகத்தான் இருந்தது.
அதற்கடுத்த குளிர்காலங்களில்
வண்டி கொட்டகையில் தூங்கியது,
நான் பேருந்தில் போனேன்.

பதினாறு யூரோ.
கட்டைவிரல் நீளம்கூட இல்லாத ஒரு பித்தளைத் துண்டு.
உள்ளே ஒரு பொட்டு மெழுகு.
சூடு வரும் வரை தண்ணீரைப் போக விடாமல் பிடித்திருப்பது,
வந்ததும் விடுவது: வேலை அவ்வளவுதான்.
அவ்வளவும் செய்ய
எங்கள் வீட்டில் ஆளில்லாமல் போயிற்று.

இன்று ஏழாம் மைல்கல்லில்
முள் நடுவில் நின்றது.
கண்ணாடியின் கீழ்விளிம்பில்
விரல் அகலத்துக்கு இருட்டு தெரிந்தது,
அது ஏறியது, பிறகு முழுச் சாலை,
அதில் நிதானமாய்க் கடந்த இரண்டு கலைமான்கள்.
ஒரு ஜோடிக் கையுறையைக் கழற்றி
பக்கத்து இருக்கையில் போட்டேன்.

வாழைப்பழ அட்டையை மட்டும்
எடுக்கவில்லை.