மேற்படி

மொகல் தெருக் கிட்டங்கியில்
தந்திக் கணக்கு என் பொறுப்பு.
பத்தெழுத்து தாண்டினால் இரண்டு சொல்லென்பான்
கவுண்டரில் டிசூசா, பென்சிலால் குத்திக் குத்தி.
பத்துக்குள் மூன்று சேதியை அடைக்க வேண்டும்.

மூன்று தலைமுறையைக்
கூனா பேனா வீனா என்று
விலாசத்தில் மடித்து வைக்கிற கடையில்
அது பெரிய வித்தை இல்லை.

குறிப் புத்தகம் எட்டே தாள்.
மடியில் செருகினால் துருத்தக் கூடாது.
அடிக்கடி வருவதற்குக் குட்டைக் குறி,
எப்போதாவது வருவதற்கு நெட்டை.
ஒரு குறி இன்னொன்றின் வாசலில் நிற்கக் கூடாது;
நின்றால்
தேவகோட்டையில் பிரிப்பவன் நடுமுதுகில் வெட்டுவான்.
புரட்டாசியில் அப்படி வெட்டி
‘வட்டி வசூல்’ ‘அம்மான் காலம்’ ஆகிவிட்டது.
அங்கே எல்லாரும் தலை முழுகினார்கள்.
அம்மான் பெகுவில் இட்லி தின்றுகொண்டிருந்தார்.

நெல் விலைக்கு இரண்டெழுத்து.
வட்டி வந்தால் மூன்று.
‘கடனுக்கு நிலத்தை எழுதி வாங்கினோம்’
அதற்குக் குறியே கிடையாது.
வருஷத்துக்கு ஒன்று வரும்.
முழுசாய் எழுதி முழுக் காசு கொடுப்போம்.
அந்தச் சேதிக்கு அந்தச் செலவு தகும்
என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்த வருஷம் நெல் விழுந்தது.
ஐப்பசியில் அதற்கு ஒன்பதெழுத்து தந்தேன்.
தையில் ஐந்து.
பங்குனியில் தாளில் இடமில்லை,
‘நல்ல மழை’, ‘மணம் நிச்சயம்’ இரண்டையும் அடித்துவிட்டு
முதல் பக்கத்துக்கு ஏற்றினேன்.
ஆடியில் ஒற்றை எழுத்து.
மிச்சமான காசுக்கு முதலாளி
மெச்சிக் கடிதம் போட்டார்.

பேரேட்டிலும் அதே சிக்கனம்.
மவுங் த்வின், மௌபின் பக்கம், பன்னிரண்டு ஏக்கர்,
எழுதி வாங்கியது.
மா நூ, ௸, ஒன்பது, ௸.
கோ பா சீ, ௸, இருபது, ௸.
௸
௸
அடி வரைக்கும் அதே கொக்கி.

நேற்று த்வின் வந்தான்.
செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு
ஏட்டைப் பார்க்க வேண்டும் என்றான்.
தமிழ் தெரியாது அவனுக்கு.
ஈரம் காயாத விரலைக்
கொக்கியின் மேல் வைத்து இறக்கிக்கொண்டே போனான்.

“இது யார்?
எல்லா வரியிலும் இருக்கிறானே,
இவனா எங்கள் நிலத்தை எல்லாம் எடுத்துக்கொண்டவன்?”

ஆள் இல்லை,
மேலே இருப்பதுதான் இங்கேயும் என்று அர்த்தம்
என்றேன், எனக்குத் தெரிந்த பர்மியத்தில்.

மேலே யார் என்றான்.

விரலைப் பிடித்து
முதல் வரிக்குக் கொண்டுபோனேன்.
அவன் பெயர் அங்கே இருந்தது,
முழுசாக.