நாளொன்றுக்கு ஐம்பது

சுற்றறிக்கையைத் தட்டச்சு செய்தவள் நான்.
முதல் வடிவில் 'போர்' இருந்தது.
பதிவாளர் அறையில் இரண்டு மணி நேரம்,
நான்கு சுற்று காபி.
'போர்' போய் 'மோதல்' வந்தது,
அதுவும் யாருக்கோ உறுத்த
கடைசியில் நிலைத்தது 'சூழ்நிலை'.
சூழ்நிலையை முன்னிட்டுக் கால நீட்டிப்பு.
சூழ்நிலையை முன்னிட்டு அபராதம் இல்லை.
பல்கலைக்கழகம் தன் பிள்ளைகளோடு நிற்கிறது
என்று அடியில் ஒரு வரி,
துணைவேந்தர் தன் பேனாவால் சேர்த்தது.
நல்ல வரி. குறை சொல்லவில்லை.

பதினோரு பேர்.
ஷிராஸ், தப்ரீஸ், கெர்மான்ஷா.
அங்கே வங்கி திறக்கவில்லை, இணையம் இல்லை,
அழைத்தால் மணியே போவதில்லை.
இங்கே பெங்களூரில் ஜூன் மழை.
கெங்கேரிச் சாலையில் மரம் விழுந்து
மெட்ரோ வரை நடந்த எனக்கு
அன்றைய பெரிய கவலை செருப்பு.

சுற்றறிக்கை சர்வருக்குப் புரியவில்லை.
நள்ளிரவு தாண்டியதும்
ஒவ்வொரு பெயருக்கும் ஐம்பது ரூபாய் ஏற்றியது.
நிறுத்த முடியாதா என்றேன்.
"ஹைதராபாத்காரன் எழுதின சாஃப்ட்வேர் மேடம்,
மெயில் போட்டிருக்கேன்" என்றார் மஞ்சப்பா.
ஆக, தினமும் ஐந்தேகாலுக்கு
பையை மாட்டிக்கொண்டு நின்றபடியே
பதினோரு பெயர்களையும் திறந்து
ஐம்பதை அழித்துப் பூஜ்ஜியம் வைப்பேன்.
காலையில் மறுபடி ஐம்பது இருக்கும்.
மரத்தடி வாசலைப் பெருக்குகிற மாதிரி.

விடுதிச் சாப்பாட்டுக் கூடத்துச் சிவருத்ரப்பாவுக்கு
சர்வர் கிடையாது.
நீள நோட்டு, நூலில் கட்டிய பென்சில்.
அந்தப் பதினோரு பேர் வரும்போது
பென்சிலைத் தொங்க விட்டுவிட்டார்.
கமிட்டி இல்லை, காபி இல்லை.
சாம்பாரில் காரத்தையும் குறைத்தார், எல்லோருக்குமே.
மண்டியாப் பையன்கள் இரண்டு நாள் முணுமுணுத்தார்கள்,
பிறகு ஊறுகாய் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

ஒரு வியாழன் என் மகனுக்குக் காய்ச்சல்.
பூஜ்ஜியம் வைக்க ஆள் இல்லை.
ஒரு முழு நாள் அழியாமல் கிடந்தால்
அது தானாகவே குறுஞ்செய்தி அனுப்புமாம்.
எனக்கு யாரும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

விடியற்காலை மூன்று பத்துக்கு
பெண்கள் விடுதி இரண்டாம் மாடியில்
பரஸ்தூவின் போன் அதிர்ந்தது.
ஒன்பது நாளாக அதிராத போன்,
தலையணைக்கும் காதுக்கும் நடுவே வைத்திருந்தது.
விளக்கைப் போடும் முன்பே "மாமான்" என்று கத்தினாளாம்,
அம்மாவை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று
அறைத்தோழி பிறகு சொன்னாள்.
திரையில்:
அன்புள்ள மாணவரே, தங்கள் நிலுவை ரூபாய் நூறு.
மற்றப் பத்துப் பேருக்கும் போயிருக்கும்.
அவர்கள் எப்படி எழுந்தார்கள் என்று
நான் விசாரிக்கவில்லை.

காலையில் கவுண்டரில் நின்றாள்.
கண்ணாடிக்கு அடியில் நூறு ரூபாய் நோட்டு.
தள்ளினேன்.
திரும்ப நீட்டினாள்.
தப்பு எங்களுடையது என்றேன்,
என் ஆங்கிலம் அதற்கு மேல் நீளவில்லை.
"இத்தனை நாளும் போன் கெட்டுவிட்டது என்று நினைத்தேன்"
என்றாள் நிதானமாக.
"கெடவில்லை. ரசீது கொடுங்கள்."

ரசீதில் 'விவரம்' என்று ஒரு கட்டம் உண்டு,
காலியாக விட்டால் அச்சாகாது.
சூழ்நிலை என்று அடிக்கத்தான் விரல் போனது.
போர் என்று அடித்தேன்.
சர்வர் ஒன்றும் கேட்காமல் ஏற்றுக்கொண்டது.
மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனாள்.

அன்று ஐந்தேகாலுக்குப் பத்துப் பெயர்கள்தான்.
அவளுடையது ஏற்கெனவே பூஜ்ஜியம்.
இருந்தும் திறந்து பார்த்தேன்.
நள்ளிரவுக்கு இன்னும் ஆறே முக்கால் மணி நேரம்.