குடுமிக் கணக்கு

சியுரியின் கடைக்கு எட்டுப் படி இறங்க வேண்டும்.
ஏழாவது படியில் தலையைக் குனிய வேண்டும்.
திபிலீசியில் எங்கள் தெருக்காரர்கள்
இருட்டிலும் சரியாகக் குனிவோம்.
வெளியாட்களை நெற்றி காட்டிக் கொடுத்துவிடும்.

வெள்ளிக்கிழமை. ரயில் பணிமனை விட்டுப்
பாதித் தெரு இங்கேதான் இருந்தது.
கூரையோரச் சன்னலில்
காலணிகள் மட்டும் நடந்துபோயின,
பிறகு நனைந்த நாய் ஒன்றின் வயிறு.

"ஐம்பது" என்றார் ஓதார்,
நாற்காலியை இழுப்பதற்கு முன்பே.
கின்காலியைக் குறைத்துச் சொல்வது
அவருக்கு மானப் பிரச்சினை.

ஆவி பறக்க வந்தன.
மடிப்பு மடிப்பாய்த் திருகி
உச்சியில் முடிந்த மாவுக் குடுமி.
அதைப் பிடித்துத் தலைகீழாய்த் தூக்கி
ஓரத்தில் ஒரு சின்னக் கடி,
முதலில் சாறு, மற்றதெல்லாம் அப்புறம்.
ஒரு சொட்டு தட்டில் சிந்தினால்
அடுத்த மேசை வரை சிரிக்கும்.
முள்கரண்டி கேட்ட ஒருவனை
சியுரி படியேற்றி அனுப்பியிருக்கிறாள்.

குடுமியைத் தின்பதில்லை.
அரைவேக்காட்டு மாவு அது.
தட்டில் விட்டு வைப்போம், கணக்குக்காக.
நான் மட்டும் பழக்கதோஷத்தில்
அதன் நுனியையும் கொறித்து வைப்பேன்.
"எலி" என்பார் வாஜா அத்தான்.

அடுப்பங்கரைக் கதவுக்குப் பக்கத்தில்
சாக்கட்டி எழுத்து இன்னும் அழியவில்லை:
வாஜா – 31.
மூன்று வருஷமாய் அந்தச் சுவருக்கு
அவள் வெள்ளையடிக்கவே இல்லை.

இன்றைக்கு அத்தான்
மேல்கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.
மூன்றாவது ஊசி போட்ட வாரம்.
பெல்ட்டில் ஆணியால் குத்திய புது ஓட்டை.
நிறைய மிளகு தூவினார்,
நிறையப் பேசினார்,
போலந்து நெடுஞ்சாலையில் லாரி டயர் வெடித்த கதையை
புதுசு போலச் சொன்னார்.
நான்கு தின்றார்.
ஐந்தாவதைக் கையில் பிடித்தபடியே
அது ஆறும்வரை இருந்தார்.

லமாரா அக்கா ரொட்டி எடுக்கக் கை நீட்டினாள்.
கை திரும்பும் வழியில்
அவளுடைய குடுமி இரண்டு
அவர் தட்டில் இருந்தன.

நான் பார்த்துவிட்டதை அவள் பார்த்தாள்.
உப்பை நகர்த்தினாள்.

ஓதார் சன்னலைக் காட்டி
"மழை விட்டுவிட்டது" என்றார். விடவில்லை.
எல்லோரும் திரும்பினோம்.
திரும்பிய நேரத்தில் மூன்று கூடியிருந்தன.
அவர் மனைவி நட்டேலா
துடைக்கும் காகிதம் தேடும் சாக்கில் இரண்டு.
நானும்
தண்ணீர்க் குவளைக்குப் பின்னாலிருந்து ஒன்று,
கொஞ்சம் கழித்து இன்னொன்று.

ஆனால் குடுமி நகர்ந்தால் போதுமா?
கீழே இருந்த இறைச்சி எங்கே போகும்?
ஐம்பதும் தீர வேண்டுமே.
அவர் பங்கையும் சேர்த்துத் தின்றோம்.
நட்டேலா கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள்.
ஓதார் இடுப்புப் பொத்தானை அவிழ்த்தார்.
எனக்குத் தொண்டை வரைக்கும் நிறைந்திருந்தது,
அது சாப்பாடுதான் என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பச்சை சோடா குடித்த ஏப்பத்தோடு
சாந்த்ரோ விரல் விட்டு எண்ணினான்.
"பத்தொன்பது! அப்பாதான் ஜெயித்தார்!"
மேசையைத் தட்டினோம்.
பக்கத்து மேசைக்காரர்களும் தட்டினார்கள்,
எதற்கென்று தெரியாமலே.

சியுரி தட்டுகளை அடுக்க வந்தாள்.
அவளிடம் கணக்குத் தப்பாது,
ஐந்து கோப்பேக்குக்குச் சண்டை போடுகிறவள்.
அத்தான் தட்டின் மேல்
ஒரு நொடி கை நின்றது.
"முப்பத்தொன்றுக்கு இன்னும் பன்னிரண்டு பாக்கி" என்றாள்.
"அடுத்த வெள்ளிக்கிழமை கொடுத்துவிட வேண்டும்."

"கொடுக்கிறேன்" என்றார்.

தட்டை அவள் எடுக்குமுன்
குவியலைக் கிளறினார், நிதானமாக,
கல் பொறுக்குகிறவர் மாதிரி.
நுனி கொறித்த குடுமி ஒன்று,
நுனி கொறித்த இன்னொன்று.
இரண்டையும் எடுத்து
என் தட்டில் வைத்தார்.

"எலி" என்றார்.
பிறகு கோட்டைக் கழற்றி
நாற்காலி முதுகில் மாட்டினார்.