நாலாவது ஆறு

நீடாமங்கலம் மூணாறு தலைப்பில்
ஷட்டர் திருகுகிற லஸ்கர் நான்.
ராத்திரி இரண்டு மணிக்கு போன் வரும்:
"பக்கிரி, கோரையாத்துல ஆறு அங்குலம் இறக்கு."
இறக்கிவிடுவேன்.
அப்புறம் மேடையின் ஒன்பது படி இருக்கிறதே,
அதில் நான் இறங்குவதுதான் பாடு.

ஏறும்போது முனகுகிற முட்டி
இறங்கும்போது கத்தும்.
காலையில் முதல் பத்து நிமிஷம்
யாரோ இரவல் கொடுத்த கால்.

டீக்கடையில் தீர்ப்பாகிவிட்டது:
"கிரீஸ் தீந்துபோச்சு."
தையல்நாயகி ஒன்றும் சொல்லாமல்
முடக்கத்தானைத் தோசைமாவில் அரைத்துவிட்டாள்.
தோசை நன்றாகவே இருந்தது.

மன்னார்குடி ஆஸ்பத்திரியில்
எக்ஸ்ரேயை வெளிச்சத்துக்குத் தூக்கினார் டாக்டர்.
எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே
வெளிப்பக்கம் வாய்க்கால் தெரிந்தது,
உட்பக்கம் தூர்ந்து கிடந்தது.
"போனது திரும்பாது.
இருக்கிறதை வச்சு ஓட்டலாம்."
மேட்டூரில் தண்ணீர் குறைந்த வருஷம்
இதே பேச்சைக் கேட்டிருக்கிறேன்.

பிசியோ நஸ்ரின் துண்டைச் சுருட்டி
முட்டிக்கடியில் வைத்தாள்.
அழுத்துங்க, அஞ்சு எண்ணுங்க, விடுங்க.
"வலிக்குதேம்மா, அசைக்கலாமா?"
"குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது சார்.
அழுத்தி விட்டாத்தான் அதுக்குச் சாப்பாடு."

கூச்சமாகப் போயிற்று எனக்கு.
ஆறு மணலாய்க் கிடக்கிற பங்குனியிலும்
வாரம் ஒருநாள்
மேலே நாலு சுற்று, கீழே நாலு சுற்று
சும்மாவாவது திருகி வைப்பவன்.
விட்டால் மரை இறுகிவிடும் என்று
புது இன்ஜினியருக்கே சொன்னவன்.
முட்டிக்கு மட்டும் மூன்று மாசம்
நாற்காலியில் லீவு போட்டேன்.
எண்பத்தாறு கிலோ.

இப்போது வடை ஒன்றோடு சரி.
வலதுகால் வலிக்குத் தடி இடதுகையில்;
பார்க்கிறவனெல்லாம் திருத்த வருகிறான்.
ஏற நல்ல கால் முதலில்,
இறங்கக் கெட்ட கால் முதலில்.
கொல்லைக் கக்கூஸில்
நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலி.
அதற்குத்தான் தையல்நாயகி சிரித்தாள்,
பிறகு அவளே அதில் உட்கார்ந்தாள்.
ஆபரேஷன் பற்றி டாக்டர் சொல்லியிருக்கிறார்.
இப்போதைக்கு இல்லை, பிறகு பார்க்கலாம்.

ஆனியில் தண்ணீர் வந்தது.
நுரைக்கு முன்னால் செத்தையும் செருப்பும் ஓட
பூத் தூவினார்கள் பாலத்திலிருந்து.
மேலே நின்று திருகினேன்.
பாதியில் நிறுத்தி, கால் மாற்றி,
மறுபடி திருகினேன்.

நேற்று ரிஜிஸ்டரைப் புரட்டிய இன்ஜினியர்
வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு
மூன்றுக்கும் அளவு பார்த்துவிட்டு
ஓரத்துப் பென்சில் எண்களில் விரல் வைத்தார்.
ஏழு. ஆறு. மழையன்று மறுபடி ஏழு. நாலு.
"இது என்னய்யா, நாலாவது ஆறு?"

முட்டி சார், என்றேன்.
வலியைப் பத்துக்கு இவ்வளவு என்று
தினம் குறிக்கச் சொன்னார்கள்.
அவர் எதுவும் சொல்லவில்லை.
கையெழுத்துப் போட்டுவிட்டு
படியில் இறங்கினார்,
பக்கத்துக் கம்பியைப் பிடித்தபடி,
இடதுகால் முதலில்.