அனிஸ்ரன் கேட்ட பட்டியல்

பண்ணையில் மீன் வரிசையில் நின்றுகொண்டு
"ரொக் அல்பம் நாலைஞ்சு சொல்லுங்கோ அக்கா" என்றாய்.
வெட்டுகிறவர் கத்தியை நிறுத்தி என்னைப் பார்த்தார்:
பிரதேச செயலகத்தில்
பிறப்புச் சான்றிதழுக்கு முத்திரை குத்துகிறவளிடம்
கேட்கிற கேள்வியா இது?

உன் அலுமாரியைத் தங்கச்சி படம் பிடித்து அனுப்பினாள்.
எல்லாரும் கோபக்காரர்.
கோபம் நல்லதுதான்.
பதினெட்டு இசைத்தட்டும் ஒரே கோபம் என்றால்
அது எங்கள் கந்தோர்ப் பெரியவரின் கோபம்,
தேத்தண்ணி வந்ததும் ஒருவரும் கவனிப்பதில்லை.

ஆகவே முதலில் ஒரு சிரிப்பு வாங்கு.
மூன்று பேர், ஒரு கராஜ்.
பேஸ் வாசிக்கிறவனுக்கு வாசிக்கத் தெரியாது,
அதை ஒளிக்கவும் தெரியாது.
நாலாவது பாட்டில் யாரோ தும்முகிறார்கள்.
அழிக்காமல் விட்டிருக்கிறார்கள்.
அந்தத் தும்மலுக்குக் காசு கொடுக்கலாம்.

பிறகு நீளமானது ஒன்று.
ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு.
அறைக்குள் போட்டு வீணாக்காதே.
காரைநகர்த் தாம்போதியில்,
கடல் வற்றிச் சேறு மினுங்குகிற பின்னேரம்,
ஹெட்போனில்.
பதினோராம் நிமிடத்தில்தான் கிற்றார் வரும்.
பொறு.
கொக்கும் பொறுத்துத்தானே நிற்கிறது.

நல்லூர்த் திருவிழா முடியும்வரை எதையும் வாங்காதே.
அந்த ஸ்பீக்கர்களோடு மோத
உலகத்தில் எந்த இசைக்குழுவாலும் ஏலாது.
போய்த் தவில்காரரின் வலக்கையைப் பார்.
ட்ரம்ஸ் பற்றி நான் சொல்ல இருந்ததில்
பாதி மிச்சம்.

பெண் குரல் ஒன்றுகூட இல்லை உன்னிடம்.
வெட்கமாயில்லையா?
தடிமன் பிடித்த கிழமையில் பாடிப் பதிந்தவள் ஒருத்தி இருக்கிறாள்,
உச்சத்தில் குரல் கிழியும்,
கிழிந்த இடத்தாலேயே அடுத்த வரிக்குள் நுழைவாள்.
விபரம் தங்கச்சிக்கு அனுப்பிவிட்டேன். முதலில் அவள் கேட்கட்டும்.

கடைசி ஒன்றுக்குக் கனகாலம் எனக்குப் பெயர் தெரியாது.
தொண்ணூற்றி மூன்று.
கரன்ட் இல்லை, பற்றரிக்குத் தடை.
யாரோ பதிந்ததிலிருந்து யாரோ பதிந்த கசற்,
மண்ணெண்ணெய் மணத்தது,
மண்ணெண்ணெய் என்றே கூப்பிட்டோம்.
சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி
டைனமோவிலிருந்து ரேப்புக்கு வயர்.
மிதிப்பது என் தம்பி குகதாசன்.
கூலி, ஒரு பக்கத்துக்கு ஒரு அட்சரகணிதப் பயிற்சி.
அவனுக்குப் பாட்டே கேட்காது,
சங்கிலிச் சத்தம்தான்.

மூன்றாம் பாட்டில் களைப்பான்.
பாடகனின் குரல் தடிக்கும், இழுபடும்,
கிணற்றுப் படியில் இறங்கி இறங்கிப் பாடுகிறவன் போல.
"மிதியடா!" என்று கத்துவேன்.
தண்ணீர் சொட்டச் சொட்ட மேலே வருவான்.
யாரோ ஒரு மேதை
யோசித்துச் செய்த வேலை என்றே நம்பியிருந்தேன்.

போன மார்கழியில் போனில் அகப்பட்டது,
சரியான வேகத்தில்.
பாடகன் சின்னப் பெடியன்.
கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறான்.
கிணறே இல்லை.
மூன்றாம் பாட்டில் ஒருவரும் களைக்கவில்லை.

நிற்பாட்டிவிட்டு ரொறன்ரோவுக்கு அனுப்பினேன்.
குகதாசன் இப்போது லொறி ஓட்டுகிறான்,
பக்திப் பாடல் தவிர வேறொன்றும் கேட்கமாட்டான்.
இரண்டு நாள் கழித்து எழுதினான்:
"கேட்டனான். கால் நோகுது."

பெயரைத் துண்டின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.
வாங்கு.
பிரான்ஸ் மாமா தந்த பிளேயரில் பெல்ட் தளர்ந்து
தட்டு மெதுவாகச் சுற்றுகிறது என்றாயே,
கஸ்தூரியார் வீதியில் திருத்தக் குடுக்கப் போகிறாய் என்று.

சனிக்கிழமை வாறன்.
அதுவரை குடுக்காதே.