நாலு இஞ்சு

செக்காலை ரோட்டுப் பலகாரக் கம்பெனி.
காலை ஏழு மணிக் கூட்டம்.
தீபாவளிக்கு இருபத்தாறு நாள் இருந்தது.
சீப்புச் சீடை ஏன் இப்படி நொறுங்குது என்று கேட்டேன்.
கேட்டேன் என்றால்,
கரும்பலகையைப் பார்த்தபடி,
ஆர்டர் கணக்கை எழுதிக்கொண்டே.

மாவுப் பதம் என்றாள் நாச்சாள்.
காரைக்குடிக் காத்து என்றார் கருப்பையா.
எண்ணெய்ச் சட்டிப் பக்கமிருந்து ஒரு குரல்,
"மேசை சின்ன பண்ணு."
சிரித்தார்கள்.
நானும்தான்.

ராத்திரி சாவி போடும் முன்
மேசையருகே நின்றேன்.
தள்ளிவிட்ட சீடை
தரையிலிருக்கும் தொட்டிக்குள் விழுகிற உயரத்தை
முழங்கையால் அளந்தேன்.
எனக்கே தோன்றியதாகத்தான்
அப்போது நினைத்தேன்.
தச்சரைக் கூப்பிட்டு
நாலு காலிலும் நாலு இஞ்சு அறுக்கச் சொன்னேன்.

வாரக் கடைசியில் உடைசல் பாதி.
வயிரவன் முதலாளி எல்லார் முன்னாலும்
கை தட்டினார்.
"சூப்பர்வைசர்னா இந்த மூளை வேணும்."
எவர்சில்வர் தூக்கு ஒன்று கொடுத்தார்.
வாங்கிக்கொண்டேன்.
எண்ணெய்க்குள் சுற்றிக்கொண்டிருந்த ஜல்லிக்கரண்டி
கொஞ்சம் நின்றது.
பிறகு சுற்றியது.

மெகராஜ் லேபிள் ஒட்டுகிறவள்.
பிறந்ததிலிருந்து காது கேட்காது.
கூட்டத்தில் கடைசி ஆளாய் நின்று
உதடுகளைப் படிப்பாள்.
நான் பலகைப் பக்கம் திரும்பும்போதெல்லாம்
அவளுக்கு என் பேச்சு அறுந்துபோகும் என்பது
மூன்று வருஷமாக எனக்கு உறைக்கவில்லை.

டீ நேரத்தில் சேலையைப் பிடித்து இழுத்தாள்.
சட்டிக்காரனைக் காட்டினாள்.
தன் உதட்டைத் தொட்டாள்.
மேசையைக் காட்டி
உள்ளங்கையைத் தாழ்த்தினாள்.
பிறகு தூக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
புருவம் மட்டும் உயர்ந்தது.

அத்தனை பேர் நின்ற கூட்டத்தில்
அவன் சொன்னதைக் கேட்டவள்
அவள் ஒருத்தி.

மறுநாள் பலகைக்கு முதுகைக் காட்டி நின்றேன்.
"மேசை யோசனை என்னோடது இல்ல."
அதைச் சொல்ல
இரண்டு தடவை தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது.
முதலாளி செல்போனிலிருந்து நிமிரவில்லை.
"இதுக்கு ஒரு கூட்டமா" என்றார் கருப்பையா.
பதினோரு நிமிஷம் லேட்.
எண்ணெய் புகைந்துவிட்டது.

தூக்கை நீட்டினேன்.
வேண்டாம் என்று தலையாட்டினான்.
உள்ளே போய்
வருகைப் பதிவேட்டை எடுத்துவந்து
ஒரு வரியில் விரலை வைத்தான்.
பீகார் - 3.
என் கையெழுத்து.

"பீகார் இல்ல மேடம். ஒடிசா. கஞ்சாம் ஜில்லா."
பேர் சொன்னான்.
வித்யாதரா?
இல்லை, பித்யாதர்.
அடித்தேன், எழுதினேன், அடித்தேன்.
பேனாவை வாங்கி
பக்கத்தில் தன் மொழியிலும் எழுதினான்.
ஒவ்வொரு எழுத்தும்
தலைக்கு மேல் ஒரு குடை பிடித்திருந்தது.

மூடப் போனேன்.
அவன் முதுகுக்குப் பின்னால்
பீகார் ஒன்றும் பீகார் இரண்டும்
எண்ணெய்க் கையைத் துடைத்தபடி
பேனாவுக்கு நின்றிருந்தார்கள்.